காகிதத்தில் "இந்து", கையொப்பத்தில் குர்முகி: புலம்பெயர்ந்த சீக்கியரை ஆவணங்களில் அடையாளம் காண்பது எப்படி?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

வட அமெரிக்காவுக்குப் போன முதல் தலைமுறைச் சீக்கியர்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1914இல் வான்கூவரிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரும் சீக்கியர் என்கிறார் ஒருவர். பழைய செய்தித்தாளை அப்படியே பெயர்த்து "376 இந்துக்கள்" என்கிறார் இன்னொருவர். கலிபோர்னியக் கணக்கெடுப்பில் "இந்து" என்று இருப்பதை மதமாக எடுத்துக்கொண்டு, அங்கே சீக்கியரே இல்லாததுபோல் ஒரு கட்டுரை.

அந்தக் காலத்துத் தாள்களில் யார் சீக்கியர் என்று எப்படிப் பிரித்தறிவது? "சிங்" என்ற பெயர் போதுமா? பிரிட்டனில் சீக்கியர் மதமா இனமா என்ற சர்ச்சை எங்கிருந்து வந்தது? ஆண்டு, இடம், படிவத்தின் பெயரோடு எழுதினால் நல்லது.

ஏடகம்

முதலில் பத்தியின் தலைப்பைப் படியுங்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே எழுதியிருப்பதற்குப் பொருள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1920, 1930, 1940 ஆகிய மூன்று முறையும் "இந்து" என்பது நிறம் அல்லது இனம் என்ற பத்தியில் வரும் சொல். கணக்கெடுப்பவர் அதை "ஹின்" என்று சுருக்கி எழுதுவார். மதம் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வியே கிடையாது. ஆகவே அந்த எண்ணுக்குள் சீக்கியர், முஸ்லிம், இந்து மூவரும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பெரும்பகுதி சீக்கியர். அதை "இந்துக்கள்" என்று பெயர்ப்பதும் பிழை, "சீக்கியர்" என்று திருத்துவதும் பிழை. "இந்திய வம்சாவளியினர்" என்று எழுதலாம், அதற்குமேல் அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. 1970இல் அதே நாடு இந்தியரை வெள்ளையர் கணக்கில் சேர்த்தது. 1980இல்தான் "ஆசிய இந்தியர்" என்று தனிக்கட்டம் வந்தது. 1920 முதல் 1980 வரை ஒரே கோடாக வரைபடம் போட்டால் அது பொய் வரைபடம்.

கனடாப் படிவம் வேறு மாதிரி. அங்கே பூர்வீகத்துக்கு ஒரு பத்தி, மதத்துக்கு ஒரு பத்தி. மதப் பத்தியில் "சீக்" என்றிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். "இந்து" என்றிருந்தால் நிதானிக்க வேண்டும். மர அறுவை ஆலைக் கொட்டகையில் தங்கியிருந்தவர்களுக்கு மேலே ஒரு சொல்லை எழுதிவிட்டு, கீழே "மேற்படி, மேற்படி" என்று குறிபோட்டே பக்கத்தை நிரப்பிய தாள்கள் உண்டு. அத்தனை பேரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதவில்லை என்பதற்கு அந்தக் குறிகளே சாட்சி.

ஆளை ஆளாகத் தேடுபவர்களுக்கு இன்னும் நல்ல தாள் ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் படைச்சேர்ப்புப் பதிவு அட்டை. 1917 ஜூன் 5, 1918 ஜூன் 5, 1918 செப்டம்பர் 12 என்று முக்கியமான மூன்று பதிவுகள். குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரும் பதிய வேண்டும் என்பதால் பஞ்சாபித் தொழிலாளர்கள் இதில் அகப்படுவார்கள். எழுத்தர் இனம் என்று எதை எழுதியிருந்தாலும், கீழே ஆள் தன் கையால் கையொப்பம் இட்டிருப்பார். பஞ்சாபி மொழிக்குச் சீக்கியர் பயன்படுத்தும் குர்முகி எழுத்தில் கையொப்பமிட்டிருந்தால் பெரும்பாலும் சீக்கியர். உருது என்றால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அன்றைய பஞ்சாபில் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் உருதுவில்தான் நடந்தன, எழுதப் படிக்கத் தெரிந்த சீக்கியர் பலர் உருதுவே எழுதினார்கள்.

"சிங்" மட்டும் போதாது. ராஜபுத்திரர், பீகார், உத்தரப் பிரதேசத்துச் சாதிகள், மணிப்பூரிகள் எல்லாரிடமும் அந்தப் பெயர் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் எழுதுங்கள், இரண்டு மட்டும் பொருந்தினால் "இருக்கலாம்" என்று எழுதுங்கள்.

கப்பல்துறை

கோமகாட்டா மாருவுக்கு நான் வருகிறேன். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு: சீக்கியர் 340, முஸ்லிம்கள் 24, இந்துக்கள் 12. சீக்கியர் 337, முஸ்லிம்கள் 27 என்றும் ஒரு கணக்கு உண்டு. இரண்டிலும் கூட்டினால் 376தான். எதை எடுத்தாலும் ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள், கலக்காதீர்கள்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்றைக் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. ஹாங்காங்கில் ஏறியவர்கள் 165, ஷாங்காயில் 111, ஜப்பானின் மோஜியில் 86, யோகோஹாமாவில் 14. கப்பல் இந்தியாவிலிருந்து புறப்படவே இல்லை. ஏற்கெனவே கிழக்காசியத் துறைமுகங்களில் காவல் வேலையோ வேறு வேலையோ பார்த்துக்கொண்டிருந்த பலர் அதில் இருந்தார்கள். "பஞ்சாபிலிருந்து கப்பலேறி" என்று எழுதும் இடத்திலேயே கட்டுரை தடம் மாறிவிடுகிறது.

சட்டமும் இந்தப் புள்ளியில்தான் கொக்கி போட்டது. 1908 ஜனவரி 8ஆம் தேதி கனடா அமைச்சரவை ஆணை: பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை உள்ள நாட்டிலிருந்தோ இடைநில்லாத ஒரே பயணமாக, அங்கேயே வாங்கிய நேரடிச் சீட்டோடு வராதவரை இறக்க மறுக்கலாம். "இந்தியர்" என்ற சொல் ஆணையில் இல்லை. பிரிட்டிஷ் குடிமக்களை நிறம் சொல்லித் தடுத்தால் இந்தியாவில் கொந்தளிப்பு வரும் என்ற பயம். அதனால் கப்பல் வழியைப் பிடித்தார்கள். அப்படி ஒரே பயணமாகக் கொண்டுவரக்கூடிய நிறுவனம் கனேடியன் பசிபிக். அதை நேரடிச் சீட்டு விற்கவேண்டாம் என்று அரசு தடுத்துவிட்டது. கதவில் பூட்டு இல்லை, ஆனால் படிக்கட்டை எடுத்துவிட்டார்கள். இதோடு ஆசியர் கையில் காட்ட வேண்டிய தொகை 200 டாலர் ஆனது, மற்றவர்களுக்கு 25.

1913இல் பனாமா மாரு கப்பலில் வந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த நவம்பரில் நீதிபதி ஹண்டர் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: ஆணையின் வாசகம் மூலச் சட்டத்தின் வாசகத்தோடு பொருந்தவில்லை. இந்தத் தீர்ப்பு கொடுத்த நம்பிக்கையும் குர்தித் சிங் கோமகாட்டா மாருவை வாடகைக்கு எடுத்ததற்குப் பின்னால் இருந்தது. ஆனால் அரசு சில வாரங்களிலேயே வாசகத்தைச் செப்பனிட்டு மறுபடி ஆணை போட்டது. கப்பல் 1914 ஏப்ரல் 4இல் ஹாங்காங்கை விட்டு, மே 23இல் வான்கூவர் சேரும்போது ஓட்டை அடைபட்டிருந்தது. முன்ஷி சிங் என்ற பயணியின் பெயரில் சோதனை வழக்கு நடந்தது. ஜூலை 6இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 24 பேர் மட்டும் இறங்கினார்கள், பெரும்பாலும் ஏற்கெனவே கனடாவில் வாழ்ந்து திரும்பி வந்தவர்கள். ஜூலை 23இல் ரெயின்போ என்ற போர்க்கப்பல் காவலோடு கப்பலைத் திருப்பினார்கள். செப்டம்பர் 29இல் கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் துப்பாக்கிச் சூடு. பயணிகளில் சுமார் 20 பேர் இறந்தனர்.

மாலைவாசிப்பு

கப்பல்துறை, ஒரு சந்தேகம். இவ்வளவு வாசகம், உட்பிரிவு எல்லாம் எதற்கு? நிறவெறி என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகிற விஷயம்தானே?

கப்பல்துறை

நிறவெறி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அது எந்த வழியாக வேலை செய்தது என்று தெரியாவிட்டால் ஆவணங்களைத் தப்பாகப் படிப்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு. கனடாவில் இந்தியர் எண்ணிக்கை 1911 கணக்கில் 2,300 அளவில் இருந்தது. 1921இல் ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. "வேலை பிடிக்கவில்லை, திரும்பிவிட்டார்கள்" என்று எழுதுகிறார்கள். மனைவி, பிள்ளைகளை அழைத்துவர 1919வரை வழியே இல்லை. நேரடிப் பயண விதி அவர்களையும் தடுத்தது. ஆண்கள் மட்டும் வாழ்ந்த சமூகத்தில் பிறப்பு கிடையாது. இறப்பும் போக்கும் மட்டும்தான். சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் எல்லை தாண்டி அமெரிக்கா போனார்கள், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1914இல் இந்தியா போனவர்களும் உண்டு.

இன்னொன்று. 1907இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தியரின் வாக்குரிமையைப் பறித்தது. 1947 ஏப்ரலில்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் 40 ஆண்டு வாக்காளர் பட்டியலில் தேடி, "பெயர் இல்லை, அதனால் அங்கே வாழவில்லை" என்று முடிவுகட்டுவது வழக்கமாக நடக்கும் பிழை. பட்டியலில் பெயர் இல்லாததால் வழக்கறிஞர், மருந்தாளுநர் போன்ற தொழில்களும் அவர்களுக்கு மூடியிருந்தன. தொழிற்பட்டியல்களிலும் தேடிப் பயனில்லை.

வல்வையான்

அண்ணை, கப்பல் கதை எண்டால் எங்கட ஆக்களுக்கு வேற ஒரு தொடர்பும் இருக்குது, அதையும் இதில பதிவு செய்யவேணும்.

1985 ஏப்ரல் 4, கனடா உச்ச நீதிமன்றம், சிங் வழக்கு. ஏழு மனுதாரர், அவையளில பெரும்பாலானவை சீக்கியர். அகதிக் கோரிக்கையை ஆள் முகம் பாராமல் காகிதத்திலேயே நிராகரிக்கிற நடைமுறையை எதிர்த்து வந்தவை. ஆறு நீதியரசர்கள் தீர்ப்பளிச்சினம். ஆறுபேரும் மனுதாரர் பக்கம், ஆனால் காரணத்தில மூண்டுக்கு மூண்டு பிரிவு. மூண்டுபேர் உரிமைச் சாசனத்தின் 7ஆம் பிரிவைக் காட்டிச்சினம்: "ஒவ்வொருவருக்கும்" எண்ட சொல் கனடா மண்ணில நிக்கிற எவரையும் குறிக்கும், குடிமக்களை மட்டுமில்லை. மற்ற மூண்டுபேர் பழைய கனேடிய உரிமைகள் சட்டத்தைக் காட்டிச்சினம். அதுக்குப் பிறகு நேர்முக விசாரணை கட்டாயமாச்சுது. 1989இல குடிவரவு அகதிகள் சபை உருவானதுக்கும் இதுதான் அடி. 83க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில நேர விசாரணையில தங்கட வாயால கதை சொல்ல முடிஞ்சது அந்தச் சீக்கியர் போட்ட வழக்காலதான். எங்கட இணையங்களில இதைக் காணவே கிடைக்காது.

1986 ஓகஸ்டில நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு உயிர்காப்புப் படகில வந்த 155 தமிழர். அடுத்த வருசம் ஜூலையில நோவா ஸ்கோஷியாவில இறங்கின 174 சீக்கியர். இந்த ரண்டாவதுக்குப் பிறகு கோடை விடுமுறையில இருந்த நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கூட்டிச்சினம், அகதிச் சட்டத்தை இறுக்கிச்சினம். 2010இல சன் சீ கப்பலில 492 தமிழர் வன்கூவர் தீவுக்கு வரேக்க பத்திரிகைகள் கோமகாட்டா மாருவை நினைவுபடுத்தினதுக்கு இதுதான் தொடர்ச்சி. ஒரு வித்தியாசத்தையும் விட்டுடாதேங்கோ: 1914இல இறங்கவே விடேல்லை, 2010இல இறக்கித் தடுத்துவைச்சு விசாரிச்சவை. நடுவில இருந்தது அந்த 1985 தீர்ப்பு.

ஈப்போ வாசகன்

ஹாங்காங், ஷாங்காய் வரை எப்படிப் போனார்கள் என்று யாராவது கேட்பீர்கள், அதனால் மலாயாப் பக்கம்.

1873இல் கேப்டன் ஸ்பீடி என்பவர் லாருட் ஈயச் சுரங்கப் பகுதியில் சண்டையை அடக்க வட இந்தியாவிலிருந்து சுமார் 110 பேரைக் கொண்டுவந்தார், சீக்கியரும் பட்டாணியரும். அதிலிருந்து வளர்ந்ததுதான் பேராக்கின் சீக்கியப் படை, பிறகு 1896இல் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற படை. தைப்பிங் அவர்களுடைய இடம். 1919இல் கலைத்தார்கள். சிங்கப்பூரில் சீக்கியக் காவல் பிரிவு 1881இல் வந்தது. அரசுப் படையில் உயரம், மார்பளவு போதாமல் கழிக்கப்பட்டவர்கள் தனியார் வங்கி, கிடங்கு, சுரங்கங்களில் ஜாகா என்ற காவலாளி வேலைக்குப் போனார்கள். சம்பளம் சேர்ந்ததும் மாடு வளர்ப்பு, வட்டிக்குக் கொடுப்பது. அங்கிருந்து இன்னும் நல்ல கூலி தேடி ஹாங்காங், ஷாங்காய், பிறகு வான்கூவர்.

நம் தோட்டத் தமிழர் வரலாற்றோடு ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. தோட்டத்துக்கு வந்தவர்கள் ஒப்பந்தத்திலும் கங்காணி முறையிலும் வந்தார்கள். சீக்கியர் பெரும்பாலும் சொந்தப் பணத்தில், நிலத்தை ஈடுவைத்து, கடன் வாங்கி வந்தவர்கள். கடனை அடைத்து மேலும் ஏக்கர் வாங்குவதே ஊரில் இருந்த குடும்பத்தின் கணக்கு. அதனால்தான் ஓரிடத்தில் கூலி குறைந்தால் கப்பல் மாறினார்கள். மலாய்க்காரர் அவர்களைப் "பெங்காலி" என்றார்கள், கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்த காரணத்தால். மலாயாப் பழைய ஆவணங்களில் பெங்காலி என்று கண்டால் வங்காளத்தில் போய்த் தேடாதீர்கள். இன்றைய மலேசியாவில் "இந்தியர்" என்ற பெருந்தலைப்பின்கீழ்த் தமிழரோடு சேர்த்தே எண்ணப்படுகிறார்கள், ஆகவே இந்தியர் தொகையை முழுவதும் தமிழர் தொகையாக எடுப்பதும் தவறு.

ஏடகம்

நல்ல குறிப்பு ஈப்போ ஐயா. கலிபோர்னியாவில் தாள் எப்படி ஆளை உருமாற்றியது என்பதற்கு இரண்டு வழக்குகள்.

பகத் சிங் திந்த் வழக்கு, 1923 பிப்ரவரி 19. அமிர்தசரஸ் பக்கத்தில் பிறந்தவர், 1918இல் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றியவர். குடியுரிமை அன்று "வெள்ளையர்"களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும். இதற்கு மூன்று மாதம் முன்னால் ஜப்பானியரான ஒசாவா வழக்கில் "வெள்ளையர் என்றால் காகேசிய இனம்" என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அன்றைய இனநூல்கள் வட இந்தியரையும் காகேசியர் என்றதால், திந்த் தரப்பு அதையே பிடித்தது. நீதிமன்றம் உடனே அளவுகோலை மாற்றியது: நூல் சொல்வது கணக்கில்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்கிறானோ அதுவே கணக்கு. இந்த வழக்கில் கீழ்நீதிமன்றம் அனுப்பிய கேள்வியே "உயர்சாதி இந்து ஒருவர் வெள்ளையரா" என்றுதான் இருந்தது. தலைப்பாகைச் சீக்கியர் ஒருவர் நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் உயர்சாதி இந்துவாக நிற்கிறார். தீர்ப்புக்குப் பிறகு, முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள்.

நிலச் சட்டம் இதோடு பிணைந்தது. 1913 சட்டம் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கத் தடைபோட்டது, குத்தகை மூன்று ஆண்டுக்கு மட்டும்; 1920இல் குத்தகையையும் மூடினார்கள். ஆகவே பத்திரப் பதிவில் "சிங்" என்று தேடினால் 1923க்குப் பிறகு வெறுமையாக இருக்கும். நிலம் அவர்கள் கையில்தான் இருந்தது, பெயர் மட்டும் வெள்ளைக்கார நண்பர், வங்கியாளர், அல்லது அமெரிக்காவில் பிறந்த பிள்ளையுடையது. பத்திரத்தை விட்டுவிட்டு வரிப்பேரேடு, பாசனக் கணக்கு, பயிர் ஈட்டுப் பத்திரம் இவற்றைத் தேடுங்கள்.

திருமணப் பதிவும் அப்படித்தான். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி ஆண்கள் பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். வெள்ளையருக்கும் வேற்று இனத்தவருக்கும் திருமணம் கூடாது என்ற சட்டம் 1948வரை இருந்ததால், பதிவு எழுத்தரின் கண்ணுக்கு இருவரும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். "பழுப்பு" என்று இருவருக்கும் எழுதினால் உரிமம். ஒரு மாவட்டத்தில் மறுத்தால் அடுத்த மாவட்டம், அல்லது அடுத்த மாநிலம். அதனால் மாப்பிள்ளை வாழ்ந்த மாவட்டத்தில் பதிவு கிடைக்காவிட்டால் திருமணமே நடக்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு ஸ்பானியப் பெயர், கத்தோலிக்க ஞானஸ்நானம், குடும்பப் பெயர் மட்டும் சிங். கோவில் பதிவேட்டில் அவர்கள் கத்தோலிக்கர், கணக்கெடுப்பில் இந்து இனம், தகப்பன் ஸ்டாக்டன் குருத்வாராவுக்குக் காணிக்கை கொடுப்பவர். மூன்றும் ஒரே குடும்பம்.

தாமிரபரணி

இங்கேதான் நான் தடுமாறுகிறேன் ஐயா. 1930களின் படங்களில் முடி வெட்டியவர்கள், சவரம் செய்தவர்கள், குருத்வாராவுக்குள் நாற்காலி. பிள்ளைகள் கத்தோலிக்கர். அப்படியானால் சீக்கிய அடையாளம் அந்தத் தலைமுறையோடு கரைந்துபோய், 1960களுக்குப் பிறகு புதிதாக வந்தவர்களால் மீண்டும் உருவானது என்று எழுதலாமா?

ஏடகம்

எழுதக்கூடாது. முடியை மட்டும் அளவுகோலாக வைத்தால்தான் கரைந்ததாகத் தெரியும். பணம் எங்கே போனது என்று பாருங்கள்.

வான்கூவர் கால்சா திவான் சொசைட்டி 1906இல் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1908 ஜனவரியில், மேற்கு இரண்டாம் நிழற்சாலையில் குருத்வாரா. அப்பாட்ஸ்ஃபோர்டில் 1911இல் கட்டிய குருத்வாராவுக்கு ஆலைத் தொழிலாளர்கள் பலகைகளைத் தோளில் சுமந்து குன்றின்மேல் ஏற்றினார்கள். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய குருத்வாரா அது, 2002 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் 1912. மாயோ சிங் வான்கூவர் தீவில் ஆலை வைத்து எழுப்பிய குடியிருப்புக்குத் தன் ஹோஷியார்பூர் ஊரின் பெயரையே, பால்டி என்று, சூட்டினார், அங்கேயும் குருத்வாரா. கோமகாட்டா மாரு துறைமுகத்தில் நின்றபோது வாடகைத் தவணைக்காகக் கரையிலிருந்தவர்கள் திரட்டியது சுமார் 22,000 டாலர். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு டாலர் கூலி வாங்கியவர்கள். இதைக் கரைந்த அடையாளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குருத்வாரா அன்று வழிபாட்டுக்கு மட்டுமானதல்ல. புதிதாக வந்தவர் தங்கும் இடம், வழக்கு நிதி, செய்தித்தாள் வாசிப்பு, அரசியல் கூட்டம் எல்லாம் அங்கேதான். 1913 நவம்பர் 1இல் சான்பிரான்சிஸ்கோவில் முதல் இதழ் வந்த "கதர்" பத்திரிகை முதலில் உருதுவிலும் பின்பு குர்முகியிலும் வெளியானது; அதைக் கொத்துக்கொத்தாக ஆலைக் கொட்டகைகளுக்குக் கொண்டுசேர்த்தது இந்த வலைதான். 1956 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசியரான தலிப் சிங் சௌந்த், மாணவராக வந்தபோது தங்கியது பெர்க்லியில் ஸ்டாக்டன் குருத்வாரா நடத்திய விடுதியில்.

நீதிக்குறிப்பு

ஏடகம் சொல்வதில் பாதிதான் எனக்கு ஏற்பு. அடையாளம் கரையவில்லை, சரி. ஆனால் எது சீக்கியம் என்பதில் தகராறு இருந்தது, அதை மறைக்கக்கூடாது. 1952இல் வான்கூவரில் சவரம் செய்தவர் நிர்வாகக் குழுவுக்கு வந்ததை ஏற்காமல் பிரிந்தவர்கள்தான் அகாலி சிங் சீக்கிய சங்கம் தொடங்கினார்கள். குருத்வாராவின் பொது உணவான லங்கரை நாற்காலி, மேசையில் சாப்பிடுவதா தரையிலா என்ற சண்டை 1997இல் சர்ரே குருத்வாராவில் கைகலப்பு வரை போனது. 1998 ஏப்ரலில் சீக்கியரின் உயர் மத பீடமான அகால் தக்த் தரையில்தான் என்று கட்டளையிட்டது. பழைய குடியேறிகள் அதைத் தங்கள் 80 ஆண்டு வழக்கத்தின்மேல் கை வைப்பதாகப் பார்த்தார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவையும் சேருங்கள். 1896இல் தொடங்கிய உகாண்டா ரயில் பாதைக்கு இந்தியாவிலிருந்து 32,000 பேர் அளவில் கொண்டுபோனார்கள், பெரும்பகுதி பஞ்சாபிலிருந்து. சுமார் 2,500 பேர் இறந்தார்கள். கென்யாவில் தங்கி வளர்ந்த சீக்கியரில் ராம்கடியா எனப்படும் தச்சர், கொல்லர், கட்டடக் கைவினைஞர் அதிகம். 1960களின் இறுதியிலும் 1972 உகாண்டா வெளியேற்றத்திலும் இவர்கள் பிரிட்டன் வந்தபோது தலைப்பாகையோடு, குடும்பத்தோடு, ஆங்கிலத்தோடு வந்தார்கள். அதற்குமுன் ஜலந்தர்ப் பக்கமிருந்து தனியாக வந்து வார்ப்பு ஆலைகளில் வேலைக்காக முடி வெட்டியவர்கள், இவர்களைப் பார்த்த பிறகு பலர் மறுபடி தலைப்பாகை கட்டினார்கள். ஆகவே "பஞ்சாபிலிருந்து தூரமானால் மரபு தேயும்" என்ற கணக்கு இங்கே தலைகீழ்.

பிரிட்டன் கேள்விக்கு வருகிறேன். 1976 இன உறவுச் சட்டம் நிறம், இனம், நாட்டு மூலம், இனக்குழு மூலம் இவற்றுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, மதத்துக்குக் கொடுக்கவில்லை. பர்மிங்காமில் தலைப்பாகை காரணமாகப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட மாணவனுக்காக மண்ட்லா குடும்பம் வழக்குத் தொடர்ந்தது. சீக்கியர் வெறும் மதக்குழு என்றால் வழக்கு விழுந்துவிடும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் தள்ளியது. 1983 மார்ச்சில், அன்று நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அதை மாற்றியது. ஃபிரேசர் பிரபு சொன்ன அளவுகோல்: கட்டாயமாக இருக்க வேண்டியவை இரண்டு, நீண்ட பொது வரலாறும் தனித்த பண்பாட்டு மரபும். கூடுதலாகப் பார்க்கக்கூடியவை ஐந்து: பொதுப் பூர்வீகம், மொழி, இலக்கியம், மதம், பெரும் சமூகத்துக்குள் சிறுபான்மையாகவோ ஒடுக்கப்பட்டோ இருத்தல். சீக்கியர் தேறினார்கள்.

அதன்பின் வந்த சிக்கல்தான் நீங்கள் கேட்டது. சட்டத்தில் இனக்குழு, கணக்கெடுப்பிலோ மதப் பத்தியில் மட்டும் கட்டம். இனக்குழுப் பத்தியிலும் கட்டம் வேண்டும் என்று ஒரு தரப்பு போராடியது. புள்ளியியல் அலுவலகம் மறுத்தது, நீதிமன்றமும் தலையிடவில்லை. 2021 இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் மதம் சீக்கியம் என்றவர்கள் 5,24,140. அவர்களில் 97,910 பேர் இனக்குழுவிலும் கையால் "சீக்கியர்" என்று எழுதினார்கள். இனக்குழுவில் மட்டும் எழுதியவர்கள் 1,725. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு என்பதுதான் சரியான வாசிப்பு. கட்டம் அச்சிட்டிருந்தால் எத்தனை பேர் குறித்திருப்பார்கள் என்பதை இந்த எண்ணிலிருந்து கணிக்க முடியாது. கையால் எழுதச் சொன்னால் எழுதுபவர் எப்போதும் குறைவு.

தலைக்கவச விலக்கிலும் ஒரு நுணுக்கம். 1976 முதல் மோட்டார் சைக்கிளுக்கு, 1989 முதல் கட்டுமானத் தளத்துக்கு, 2015 முதல் பெரும்பாலான பணியிடங்களுக்கு. ஆனால் பணியிடத்தில் விலக்கைப் பயன்படுத்தி அடிபட்டால், கவசம் போட்டிருந்தாலும் ஏற்பட்டிருக்கக்கூடிய காயத்துக்கு மட்டுமே இழப்பீடு. "சலுகை" என்று எழுதுபவர்கள் இந்த விலையையும் எழுத வேண்டும். கனடாவிலோ 1985இல் ரயில்வே மின்பணியாளர் பிந்தர் தலைக்கவச வழக்கில் தோற்றார். 2006இல் முல்தானி வழக்கில் பள்ளி மாணவர் கிர்பான் என்ற மதக் குறுவாளை அணிய உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. உடைக்குள் இருக்க வேண்டும், மர உறையில் இட்டு, துணிக்குள் வைத்துத் தைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

மாலைவாசிப்பு

நன்றி. ஊர் தேடும் வேலையில் வழக்கமாக எங்கே சறுக்கும்? ஒரு பதிவு அட்டையில் "மோகா, பெரோஸ்பூர்" என்று பிறப்பிடம் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

ஏடகம்

மாவட்ட எல்லையிலிருந்து. மோகா 1995இல்தான் தனி மாவட்டம், அதற்குமுன் ஃபரித்கோட், 1972க்கு முன்னால் பெரோஸ்பூர். நவான்ஷஹரும் அதே ஆண்டில் பிரிந்தது. தரன் தாரன் 2006வரை அமிர்தசரஸுக்குள். லயல்பூர் என்றிருந்தால் அது இன்றைய பாகிஸ்தானின் பைசலாபாத். கால்வாய்க் குடியேற்ற நிலத்துக்குப் போன குடும்பம், மூல ஊர் வேறெங்கோ இருக்கும்.

அடுத்து, பஞ்சாபில் ஒரே பெயரில் இரண்டு ஊர் சாதாரணம்: கலான் என்றால் பெரியது, குர்த் என்றால் சின்னது. வெளிநாட்டு எழுத்தர் பின்னொட்டை விட்டுவிடுவார். இரண்டு ஊரிலும் தகப்பன் பெயரைச் சரிபார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். தாசில், காவல் எல்லை பெயர் கிடைத்தால் விடாதீர்கள், அதுதான் பிரித்துக் காட்டும். பட்வாரி எனப்படும் ஊர் நிலக் கணக்கரிடம் உள்ள பழைய நிலப்பதிவும் அதோடு சேர்ந்த வம்ச அட்டவணையும் உருதுவில் இருக்கும். குர்முகி மட்டும் தெரிந்தவரை அழைத்துப்போனால் வேலை ஆகாது.

குடும்பத்தில் யாராவது முதல் உலகப்போருக்குப் போயிருந்தால், லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பஞ்சாப் படைவீரர் பதிவேடுகள் உதவும். சுமார் 3,20,000 பேர், ஊர்வாரியாக எழுதப்பட்டவை. 2021 முதல் இணையத்தில் வரத் தொடங்கின. முதலில் வந்தவை ஜலந்தர், லூதியானா, சியால்கோட். ஊர்வாரியாக இருப்பதால் கலான், குர்த் குழப்பத்தையும் அதிலேயே தீர்க்கலாம்.

பெயர் மாறிய இடம் ஒன்று. புது தில்லியிலிருந்த கனடாத் தூதரகம் பத்தாண்டுக் காலம் "சிங்", "கௌர்" இரண்டையும் குடும்பப் பெயராக ஏற்காமல், வேறு பெயர் சேர்க்கச் சொல்லிக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு வந்து 2007இல் கைவிட்டார்கள். அதனால் ஒரே வீட்டில் முன்னால் போன அண்ணன் சிங், பின்னால் போன தம்பி தாலிவால் அல்லது ஊர்ப்பெயர். இந்தக் காலத்துக் கனடாப் பதிவுகளில் குடும்பப் பெயரை வைத்து உறவைப் பிரிக்காதீர்கள்; தகப்பன் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்துச் சேருங்கள்.

தாமிரபரணி

குறித்துக்கொண்டேன். கப்பல் பற்றிய வரியை இப்படி வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "ஹாங்காங், ஷாங்காய், மோஜி, யோகோஹாமா ஆகிய துறைமுகங்களில் ஏறிய 376 பயணிகள், அவர்களில் பெரும்பான்மையினர் பஞ்சாபிச் சீக்கியர், முஸ்லிம்களும் இந்துக்களும் உடன் இருந்தனர்."

கப்பல்துறை

சரியாக இருக்கிறது. "பயணிகள்" என்பதற்குமுன் "பிரிட்டிஷ் குடிமக்களான" என்று சேருங்கள். வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நின்றது.